ஒரு வரி, இரண்டு வரி, மூன்று வரி

இல்லை அத்தை, இன்னும் பதில் சொல்லவில்லை. ஆசாரி பின்வாசலில் உட்கார்ந்து நீராகாரம் குடித்துக்கொண்டிருக்கிறார். அவசரப்படுத்தவில்லை. அவர் கொண்டுவந்தவை அடுப்படித் தரையில் சாக்கின் மேல் கிடக்கின்றன. மூன்று கட்டுகள். கட்டுக்கு நான்கு தேக்குச் சட்டங்கள், விரல் அகலம், தென்னங்கயிற்றால் கட்டியவை. நான்கு வருஷம் அவர் வீட்டுப் பரணில் இருந்தனவாம். தூசியைத் துடைத்ததும் எழுந்த வாசனை நேற்று இழைத்த மரத்தின் வாசனை.

மழையில் உப்பிப்போன அலமாரிக் கதவைச் சீவத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தேன். இவற்றை நான் கேட்கவில்லை. கதவின் விளிம்பைச் சுற்றிச் சட்டம் வேண்டாம் என்று அன்று தடுத்தவள் நான். இன்று அடிக்கலாமா, வேண்டாமா என்று சொல்ல வேண்டியவளும் நான். உங்கள் பிள்ளை, "அடுப்படி சமாச்சாரம், நீயே பாத்துக்கோ" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு மேரி அலுவலகத்துக்குப் போய்விட்டார். பிறந்தவர்களையும் இறந்தவர்களையும் பதிவேட்டில் எழுதும் வேலைதான் இப்போதும். உங்கள் பெயரையும் அவரேதான் எழுதினார்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். சென்னைக் கல்லூரியிலிருந்து ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களோடு பாகூருக்கு வந்தவள். மாமா சைகோனிலிருந்து கொண்டுவந்த தேக்குப் பெட்டிகளைப் பிரித்து, மூன்று கதவு வைத்து, உங்களுக்கு அலமாரி ஆகிக்கொண்டிருந்தது. கதவுகளை மாட்டி முடித்த அன்று, சும்மா தோன்றியதுபோல்தான் சொன்னீர்கள்.

"சுத்தி ஒரு சட்டம் ஓட்டினா நல்லா இருக்கும் இல்ல? பாண்டிச்சேரில தொரைங்க வூட்ல பாத்துருக்கேன். அழகா இருக்கும்."

நான் விடவில்லை. பொருளுக்குத் தேவையில்லாத எதுவும் அதன் மேல் இருக்கக்கூடாது என்று எங்கோ படித்திருந்தேன். படித்ததைச் சொல்ல ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தேன். "அது பொய் அழகு, அத்தை. அதுவும் அடுப்படியில. கரி அண்டும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், இடுக்குல கரப்பான் முட்டை வைக்கும்."

ஆசாரி உளியைக் கீழே வைத்தார். "இன்னா பெரியம்மா, மருமவ கோர்ட்டு வக்கீலாட்டம் இல்ல பேசுது!"

"படிச்ச பொண்ணு சொல்லுது, வுட்டுடுப்பா" என்றீர்கள். "கதவு மொட்டையாவே இருக்கட்டும். எங்க வூட்டுக்காரு தலையாட்டம்."

எல்லோரும் சிரித்தோம். அன்று என் குறிப்பேட்டில் எழுதினேன்: இந்த வீட்டில் ஒரு பொருளாவது உண்மையாக இருக்கிறது.

மூன்று கதவுகள். மூன்றும் ஒன்றுபோல. இடது கதவுக்குள் மிளகாய், மல்லி, புளி. நடுவில் அரிசியும் பருப்பும். வலது கதவுக்குள் சீயக்காய், விளக்கெண்ணெய், வெற்றிலைச் சுண்ணாம்பு. எதை எடுத்தாலும் முதலில் மூக்கருகே கொண்டுபோவீர்கள். பிறகுதான் சட்டியில் போடுவீர்கள். பழக்கம் என்று நினைத்தேன். என் அம்மாவுக்கு உப்பை இரண்டு தரம் அள்ளும் பழக்கம், உங்களுக்கு இது.

அடுத்த ஐப்பசியில் உங்களுக்குக் கடுமையான சளி. அந்த வாரம் முழுக்க மழை. கடலோரப் பனித்திட்டிலிருந்து கூடையில் சங்கரா மீன் வந்திருந்தது. எப்போதும்போல் நீங்கள்தான் குழம்பு வைத்தீர்கள். உங்கள் பெண் அம்சாவுக்கு அப்போது கல்யாணமாகவில்லை. அவள்தான் கத்தினாள்.

"யம்மா! இங்க வந்து பாரேன், கொழம்பு நொரை தள்ளுது!"

கரண்டியால் கிளறி முகர்ந்து பார்த்தேன். மல்லித்தூளுக்குப் பதில் சீயக்காய்த்தூள். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. "என்ன அத்தை, இன்னிக்கு மீனுக்கு எண்ணெய் முழுக்கா?"

அம்சா தரையில் உட்கார்ந்துவிட்டாள். உங்கள் பிள்ளைக்குப் புரையேறியது. நீங்களும் சிரித்தீர்கள். கடைசியாக.

மறுநாள் காலை அடுப்பை மெழுகிக் கோலமிட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள். "இனிமே அடுப்பு உன்துதான்மா. எனக்குக் கை ஓயுது." கேலி உங்களைத் தைத்துவிட்டதோ என்று ஒரு நாள் வருந்தினேன். ஒரே ஒரு நாள். பிறகு சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒளிக்க ஒன்றுமில்லை. கல்யாணமாகி முதல் முறையாக எனக்கென்று ஓர் அறை. பானைகளை இறக்கிக் கழுவி, எல்லாவற்றையும் என் முறைப்படி மாற்றி அடுக்கினேன்.

இரண்டொரு நாள் கழித்து நீங்கள் உள்ளே வந்தீர்கள். அலமாரி முன் நின்றீர்கள். நடுக் கதவின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தீர்கள். கொஞ்ச நேரம் அப்படியே. பிறகு எதையும் எடுக்காமல் திரும்பிப் போனீர்கள். நான் அரிசி களைந்துகொண்டே பார்த்தேன். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

அதன்பின் கிணற்றடியில் உங்கள் பகல்கள். முருங்கைக்கீரை உருவித் தருவீர்கள். ஒரு குச்சிகூட இருக்காது. ஒன்றரை வருஷம். பிறகு மூன்று நாள் காய்ச்சல்.

இன்று காலை ஆசாரி கட்டுகளை அவிழ்த்தார். "இதுல ஒரு வரி, இதுல ரெண்டு, இதுல மூணு. தடவிப் பாரும்மா." ஒவ்வொரு சட்டத்திலும் நீளவாக்கில் பள்ளமாக இழைத்த கோடுகள். ஏன் இப்படி வேறுவேறாக என்று கேட்டேன்.

"அலமாரிக்கு அளவெடுக்கும்போதே பெரியம்மா சொல்லி வெச்சிது. 'கண்ணுல புரை மூடிக்கினு வருதுப்பா. எந்தக் கதவுன்னு கைக்குத் தெரியிறாப்பல போட்டுக் குடு. வூட்ல மூச்சு வுடாத, தெரிஞ்சா அடுப்ப வாங்கிக்குவாங்க'ன்னுச்சி."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சத்தியம் வாங்கிக்கினுச்சிம்மா. நான் இன்னா பண்ணட்டும்?"

கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். ஒன்று. இரண்டு. மூன்று. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

உடனே அடிக்கச் சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன். யாருக்காக? எனக்குக் கண் தெரிகிறது. அடித்துவிட்டால் தினமும் அதைத் துடைத்து, உங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வேன். மிகவும் மலிவு. சரி, மொட்டையாகவே விட்டால்? தினமும் பார்த்துக் குன்றிப்போகலாம். அதிலும் நான்தான் நடுவில் நிற்கிறேன். இரண்டிலும் நீங்கள் இல்லை.

அப்போதுதான் அம்சா எழுந்து வந்தாள். பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், எட்டாம் மாதம். ஆசாரி சொன்னது அவள் காதில் விழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து சட்டங்களைப் பார்த்தாள்.

"அடிக்கச் சொல்லுங்க அண்ணி. நல்லா இருக்கும்."

"எதுக்கு?"

"எதுக்கா? அழகுக்குத்தான். இன்னாத்துக்கு எல்லாத்துக்கும் காரணம் கேக்கறீங்க? நெத்தியில பொட்டு இன்னாத்துக்கு வெச்சிக்கிறீங்க, வழி தெரியவா?"

என் கை நெற்றிப் பொட்டுக்குப் போனது.

உங்கள் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியாது. நீங்கள் மறைத்தீர்கள், நான் அறியவில்லை. அதைக்கூட ஒரு நாள் ஆற்றிக்கொள்வேன் என்று நினைக்கிறேன். ஆற முடியாதது வேறு. ஒருவேளை உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை, அழகுக்காக மட்டுமே கேட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். முப்பது வருஷம் புகைக்குள் நின்றவர் தன் அடுப்படியில் ஒன்று அழகாக இருக்க வேண்டும் என்கிறார். வந்து ஆறு மாதமான நான் அதற்குக் காரணம் கேட்கிறேன். "அழகா இருக்கும்" என்று நீங்கள் சொன்ன குரல் என்னிடம் அப்படியே இருக்கிறது. கெஞ்சல் இல்லை. இரண்டாம் முறை சொல்லவுமில்லை.

அம்சாவிடம் உங்கள் கண்ணைப் பற்றிச் சொன்னேன். ஒரு சட்டத்தை எடுத்து வரிகளை விரலால் தடவினாள். பிறகு, "சொல்லியிருந்தா அடுப்ப வாங்கிக்கினுதான் இருப்போம், அண்ணி" என்றாள். ஆமாம் என்றேன்.

ஆசாரியைக் கூப்பிட்டு மூன்று கதவுக்கும் வைக்கச் சொன்னேன். புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்க மாட்டேன், வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டித் தருகிறேன் என்றார். அடுப்பை மூட்டி, ஒரு பழைய சட்டியில் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.