சுக்கு சாப்பிட்டானா?

தென்காசி
5-7-93

பூமாரி அப்பாவுக்கு,

நேற்று பத்திரமாக வந்து சேர்ந்தோம். எட்டு மாதம் கழித்துப் பிள்ளை அப்பாவைப் பார்க்கட்டுமே என்று ஒரே ஒரு நாள் ஆரியசாலைக்கு அழைத்து வந்தேன். உங்கள் நாயிடம் கடி வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறாள். தூங்குகிற நாயின் வாலைப் பிடித்தது அவள் தப்புதான். ஆனால் "சுக்குக்கு வெறிநாய் ஊசி போட்டாச்சு" என்றீர்களே, சீட்டைக் காட்டுங்கள் என்றதும் அலமாரியையும் டிரங்குப் பெட்டியையும் ஏன் அப்படிக் குடைந்தீர்கள்?

இன்று காலை பெரியாஸ்பத்திரியில் முதல் ஊசி. தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாகப் பதினாலு போட வேண்டும். அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்கச் சொன்னார் டாக்டர். பத்தாம் நாளும் அது நன்றாக இருந்தால் வெறி இல்லை, மிச்ச ஊசியை நிறுத்திவிடலாமாம்.

ஆகவே தினம் எழுதுங்கள். சுக்கு சாப்பிட்டானா, தண்ணீர் குடித்தானா, குரல் மாறியிருக்கிறதா? லாரி டிரைவர் உச்சிமாகாளி அண்ணன் தினம் விடிகாலையில் சாலை பஜாருக்குக் காய்கறி இறக்க வருகிறாரே, அவர் கையில் கொடுத்தால் சாயங்காலம் எனக்கு வந்துவிடும். அடுத்த வீட்டுப் போனில் கூப்பிட வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் எதையும் நம்பிவிடுவேன். எனக்கு எழுத்தில் வேண்டும்.

கௌசல்யா

*

ஆரியசாலை, திருவனந்தபுரம்
6-7-93

அன்புள்ள கௌசிக்கு,

வீணாகப் பயப்படாதே. சுக்கு ஜம்மென்று இருக்கிறான். பின்கட்டில் கட்டிப்போட்டிருக்கிறேன். காலையில் மீன்தலை போட்டுச் சோறு வைத்தேன், தட்டைத் தேய்கிற அளவுக்கு நக்கிவிட்டான். தண்ணீரும் குடித்தான். குரல் அதே குரல்தான், பால்காரரைக் கண்டால் தெருவையே கூட்டுகிறான். மிருக டாக்டரிடமும் காட்டியாயிற்று, ஒன்றுமில்லை என்றுவிட்டார்.

மலைச்சரக்குக் கடையில் எனக்கு எப்போதும்போல மிளகு மூட்டையும் தும்மலும்தான். என் தங்கத்துக்கு ஒரு முத்தம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அன்புள்ள
குற்றாலலிங்கம்

*

தென்காசி
8-7-93

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். பூமாரிக்கு வயிறு வீங்கிக் கல்லாகக் கிடக்கிறது. வெள்ளைச் சட்டைக்காரர் யார் வந்தாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். நேற்று என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "நான் நல்ல பிள்ளையா இருக்கேம்மா, ஊசி வேண்டாம்மா" என்றாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சுக்கு நன்றாகச் சாப்பிடுகிறான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அம்மாவும் போதும் என்றாள். அதனால் நேற்றும் இன்றும் அழைத்துப் போகவில்லை. டாக்டர் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் எழுத்தை நம்பித்தான் இதைச் செய்திருக்கிறேன்.

கௌசல்யா

*

ஆரியசாலை
9-7-93

கௌசி,

இதைப் பார்க்கும்போது குழந்தைக்கு ஊசி போட்டிருக்காவிட்டால், படிக்காதே. தூக்கிக்கொண்டு ஓடு. உன் கடிதம் கிடைத்ததும் அடுத்த வீட்டுக்குப் போன் செய்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும்படி கெஞ்சியிருக்கிறேன். ஏன் என்று அந்த அம்மாளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சுக்கு இங்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் பஸ் கிளம்பியதும், வந்த கோபத்தில் அவனை மிளகுச் சாக்கில் போட்டு, ஐஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விழிஞ்ஞம் மீன்பிடித் துறையில் அவிழ்த்துவிட்டேன். கடிக்கிற நாயை இந்தச் சந்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மீனைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். கண்ணெதிரே வைத்திருக்க வேண்டிய நாய் என்று உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. ஊசி போட்டேன் என்றதும் பொய்.

மிருக ஆஸ்பத்திரிக்குப் போனேன், நாய் இல்லாமல். டாக்டரம்மா, "நாய் எவிடெ?" என்றார். காணவில்லை என்றேன். "பத்து திவசம் கண்ணு முன்னால நிக்கணும் சாரே. காணலைன்னா வெறின்னு வச்சுத்தான் பிள்ளைக்கு மொத்த ஊசியும் போடணும்" என்றார். அன்றைக்கே அதை உனக்கு எழுதியிருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் சுக்கு கிடைத்துவிடுவான், பொய் நிஜமாகிவிடும் என்று நினைத்தேன். மூன்று நாளாகத் தேடுகிறேன். ஐயோ, நான் என்ன மனுஷன்!

குற்றாலலிங்கம்

*

9-7-93

ஊசி போட்டாயிற்று. விட்ட இரண்டையும் கடைசியில் சேர்த்துப் போட வேண்டும். "நீங்க தாயா?" என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் கேட்டார். கேட்கட்டும்.

அன்றைக்கு என் அப்பாவுக்கு சீரியஸ் என்ற சேதியும் உச்சிமாகாளி அண்ணன் மூலம்தான் வந்தது. சாயங்காலம்தான் சொன்னார் என்றீர்கள். நான் போய்ச் சேரும்போது அப்பா இல்லை. லாரி விடிகாலையில் வருகிற லாரி. எட்டு மாதமாக அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாயைத் தேடிப் பிடியுங்கள். அதுவரை எனக்கு ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

*

ஆரியசாலை
11-7-93

கௌசி,

கிடைத்துவிட்டான். ஆனால் நல்ல சேதி இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐஸ் வண்டிக்காரர் செல்வின் காலையில் வந்து கூப்பிட்டார். கவிழ்த்துப் போட்ட மீன்பிடி வள்ளத்தடியில் சுக்கு கிடந்தான். வாய் மூடவே இல்லை. எச்சில் கோழையாக ஒழுகுகிறது. மீனைப் போட்டால் பார்க்கிறான், தின்ன முடியவில்லை. முன்காலால் முகத்தைப் பிறாண்டிக்கொள்கிறான். "பேப்பட்டி! பேப்பட்டி!" என்று கத்திக்கொண்டு நாலைந்து பேர் தடியோடு வந்துவிட்டார்கள். வெறிநாயாம். அடித்துக் கொன்றிருப்பார்கள். செல்வின் வலையை வீசிப் பிடித்தார்.

மிருக ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கிட்டே வராமலே, "ஆரும் வாயில கை இடல்லே!" என்று சத்தம் போட்டார். வெறி வந்தாலும் தாடை இப்படித் தொங்குமாம், தொண்டையிலோ பல்லிலோ ஏதாவது மாட்டினாலும் இப்படித்தான் ஒழுகுமாம். எது என்று பார்த்ததும் சொல்ல முடியாது, நாளைக்கு மயக்க ஊசி போட்டுத்தான் பார்க்கணும் என்றார். கூண்டில் இருக்கிறான். என்னைப் பார்த்து வாலை ஆட்டினான் கௌசி.

வலையை அவிழ்த்தபோது என் கைக் கீறலில் அவன் எச்சில் பட்டுவிட்டது. எனக்கும் இன்று வயிற்றில் முதல் ஊசி. பிள்ளைக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. பூமாரிக்கு ஒரு நாள்கூட விடாதே.

குற்றாலலிங்கம்

*

தென்காசி
12-7-93

கடிதம் வந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இதுதான் என்று தோன்றுகிறது. அம்மா சாமி அறையை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன். லாரிச் சத்தம் கேட்டாலே தெருவுக்கு ஓடுகிறேன்.

பூமாரி கேட்கச் சொன்னாள்: "அப்பாவும் அழுதாங்களா?"

கௌசல்யா

*

ஆரியசாலை
14-7-93

அன்புள்ள கௌசிக்கு,

பத்தாம் நாள். சுக்கு சாப்பிட்டான்.

முந்தாநாள் மயக்கம் கொடுத்து, முழங்கை வரை உறை மாட்டிக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தார் டாக்டரம்மா. மேல்வாயில் இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஒரு மீன்முள், குறுக்குச் சட்டம் போல மாட்டிக்கொண்டு நின்றது. இடுக்கியால் பிடுங்கினார். அன்றே உனக்கு எழுத உட்கார்ந்தேன். "முள்ளு எடுத்ததுகொண்டு வெறி இல்லைன்னு ஆகில்லா. பத்து திவசம் தீரட்டே" என்றார். மறுபடி ஒரு பொய்யான தைரியம் சொல்லிவிடுவேனோ என்று பயந்து பேனாவை மூடிவிட்டேன்.

இன்று கஞ்சி குடித்தான், தண்ணீர் குடித்தான், குரைத்தான். டாக்டரம்மா முத்திரை வைத்துக் கொடுத்த சீட்டு உள்ளே இருக்கிறது. இந்த முறை நிஜச் சீட்டு. உச்சிமாகாளியையும் கூட்டிப்போய்க் காட்டினேன், என்னை நம்பாவிட்டால் அவனைக் கேள்.

அப்பா அழுதார் என்று பூமாரியிடம் சொல். மூன்று ஊசிக்கும் அழுதேன்.

குற்றாலலிங்கம்

*

தென்காசி
15-7-93

பூமாரி அப்பாவுக்கு,

டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, ஊசி போதும் என்றார். பூமாரி ஆஸ்பத்திரி வாசலிலேயே குதித்தாள். நான்தான் பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எப்போது வருவாய் என்று கேட்பீர்கள். ஒரு நாய்க்கே பத்து நாள் பார்க்கச் சொல்கிறார்கள். உங்களையும் பத்து நாள் பார்க்கிறேன். தினம் ஒரு கடிதம். எனக்கு வலிக்குமே என்று எதையும் மறைத்து எழுதக் கூடாது. பத்தாவது கடிதத்தைப் படித்த பிறகு பஸ் ஏறுவதா வேண்டாமா என்று பார்க்கலாம். எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

கௌசல்யா

*

ஆரியசாலை
16-7-93

கௌசி,

முதல் நாள்.

உன் அப்பாவுக்கு சீரியஸ் என்று உச்சிமாகாளி வந்து சொன்னது சாயங்காலம் இல்லை. விடிகாலை ஆறு மணி. நான் கடை திறக்கப் போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பூமாரியின் பிறந்தநாள். நீ பாயசத்துக்கு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாய். பாயசம் குடிக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் ஒவ்வொரு மணிக்கும் சொல்வது கஷ்டமாகிவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் சொன்னேன். யார் கேட்டாலும் அப்படியே சொல்லும்படி உச்சிமாகாளியிடம் கெஞ்சினேன்.

மாமா நாலு மணி வரைக்கும் "கௌசி வந்தாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று உன் அம்மா சொல்லி அழுதபோது நானும் அங்கேதான் நின்றேன். எட்டு மணிக்கு ஒரு பஸ் இருந்தது. நீ அதில் ஏறியிருந்தால் மத்தியானமே அவர் பக்கத்தில் இருந்திருப்பாய்.

சுக்கு இன்று சாப்பிட்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்கும் எழுதுவேன், நீ படித்தாலும் படிக்காவிட்டாலும்.

குற்றாலலிங்கம்