டாக்டரம்மாவிடமும் மறைக்கப் பார்த்தீர்களே, அண்ணி

அன்புள்ள அண்ணி,

இன்று அரூர் பஸ் ஸ்டாண்டில் புதுப்புளி மூட்டைகளை வண்டிக்கூரையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாசனை வந்ததுமே பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எழுதுகிறேன்.

எழுபத்து மூன்றாம் வருஷம், அன்றும் மாசி வெயில். உங்கள் இதயத்துக்கு மாத்திரை வாங்க பஸ்ஸில் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் வால்வைக் கெடுத்து வைத்திருந்தது. மூன்றாவது பிரசவத்தில் நீங்கள் பிழைத்ததே பெரிது. "இன்னொண்ணத் தாங்காது" என்று டாக்டரம்மா அண்ணனிடம் அப்போதே சொல்லியிருந்தார். காலடியில் யாருடைய புளிமூட்டையோ. அதன் கிழிசலில் விரலை விட்டு நீங்கள் பிய்த்துப் பிய்த்துத் தின்றீர்கள்.

"மூட்டைக்காரர் பாத்தா திட்டுவாருங்க, அண்ணி."

"ஒரு கொட்டைதான் கண்ணு. அவரு குடியா முழுவிடும்?"

எனக்குச் சுருக்கென்றது. "நாள் தள்ளிப் போயிருக்குங்களா?"

என் வாயைப் பொத்தினீர்கள். "ஸ்ஸ்! மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக்கூடாது. கண்ணு பட்டுடும்."

"டாக்டரம்மாகிட்டயுமா?"

"ஏன், அவங்களுக்கு மட்டும் கண்ணு இல்லையா?"

நம் வீட்டுப் பெண்களின் வழக்கம் அது. மூன்று மாதம் வரை புருஷனுக்கே தெரியாது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. இதை மறைத்துவிட்டு, மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவீர்கள். அப்புறம் உங்கள் உயிருக்கு யார் பொறுப்பு?

சட்டென்று பேப்பரில் படித்தது ஞாபகம் வந்தது. சட்டம் வந்து ஓராண்டுகூட ஆகியிருக்காது. தாயின் உடம்புக்கு ஆபத்து என்றால் ஆஸ்பத்திரியிலேயே முறையாகக் கருவைக் கலைக்கலாம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உங்கள் தோளைப் பிடித்து உலுக்கி, "இப்ப சட்டம் இருக்குதுங்க அண்ணி! போலீசு வராது! நாட்டு மருந்தும் வேணாம்!" என்றேன். முன் இருக்கை அம்மாள் திரும்பி, "மெதுவா பேசும்மா, டிரைவருக்கே கேட்டுடுச்சு" என்றார். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் உங்களால் மல்லாந்து படுக்க முடியவில்லை. மூச்சு இரைத்தது. "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று டாக்டரம்மா கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். கடைசியில் நீங்களே சொன்னீர்கள்: "நாள் தள்ளிப் போச்சுங்க."

"நல்ல நேரத்துல சொன்னீங்க. இன்னும் நாளானா உங்களுக்குக் கஷ்டம், எனக்கும் கஷ்டம். இப்பன்னா கலைக்க முடியும். ஆனா நீங்க சரின்னு சொல்லணும்."

"அவரு வரணும்ங்களே?"

"மூச்சு வாங்கறது அவருக்கா?"

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வூட்ல மூணு பேரு இருக்காங்க. அவங்களுக்கு நான் வேணும். செஞ்சுடுங்க" என்றீர்கள். எனக்கு அந்த வராந்தாவில் ஓட வேண்டும் போலிருந்தது.

சேதி போய் அண்ணன் மறுநாள் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, நீங்கள் தலையணையில் சாய்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"யாரக் கேட்டுச் செஞ்சீங்க?" என்று என்மேல் பாய்ந்தார்.

"என்னயக் கேட்டுத்தான்" என்றீர்கள். அண்ணன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "காபி சூடா இருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வால்வு போன ஆண்டு ஐப்பசியில்தான் நின்றது. அதற்குள் எவ்வளவு வாழ்ந்தீர்கள்! கடைக்குட்டி பள்ளிக்கூடம் போனதைப் பார்த்தீர்கள். வழக்கத்தையே உடைத்து, குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு ஊர்ப் பெண்களிடம் உரக்கச் சொன்னீர்கள்: "நாள் தள்ளிப்போனா மொதல்ல டாக்டரம்மா காதுல போடுங்கடி. அப்பறம் சாமி காதுல போடலாம்." என்னைவிட உங்கள் குரல்தான் பெரிதாகிவிட்டது அப்போது.

போன வாரம் அடுத்த வீட்டுப் பெண், நீரிழிவுக்காரி, என் காதோரம் வந்து கிசுகிசுத்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா, இன்னும் மூணு மாசம் முடியல." நான் செருப்பைத் தேடிக்கொண்டே உங்கள் வார்த்தைகளை அப்படியே சொன்னேன், அந்த "டி"யோடு சேர்த்து. அன்றே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கலைக்க வேண்டியதில்லை, கவனித்தால் போதும் என்றார் டாக்டர். திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "இப்படி அதட்ட எங்கக்கா கத்துக்கிட்டீங்க?"

"எங்க அண்ணிகிட்ட" என்றேன், பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கும்படி.