எட்டு விளக்கு அலை

மச்சான்,

இன்று காலை புது சர்க்யூட் போர்டு வந்தது. பிரித்ததும் கை தானாக நெயில்பாலிஷ் பாட்டிலைத் தேடியது. மூடியைத் திறந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும், கூடுவாஞ்சேரியில் உட்கார்ந்தபடியே மாமல்லபுரத்தில் உன் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உப்புக்காற்றில் செம்பெல்லாம் பச்சை பூத்துவிடும் என்று உன் மனைவியின் நெயில்பாலிஷை எடுத்து போர்டின் ஓரமெல்லாம் பூசுவாய். உள்ளே இருக்கும் சுற்றையே நாம் எழுதி மாற்றிக்கொள்ளும் எஃப்.பி.ஜி.ஏ. போர்டுக்கு இப்படி அலங்காரம் செய்தவன் நீ ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எது நல்ல போர்டு என்று சண்டை. இரண்டுமே திறந்த மூலம். வரைபடமும் மென்பொருளும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். என்னுடையது சின்னது. எழுதினால் டீ ஆறுவதற்குள் தயார். உன்னுடையது பெரியது, டிவியில் படம்கூடக் காட்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் காத்துக்கிடக்க வேண்டும். எதுவானாலும், போர்டின் நிரந்தர நினைவகத்தில் பதிந்து வை, கரண்ட் போனால் எழுதியது போய்விடும் என்று தலைபாடாக அடித்துக்கொள்வேன். நீ சிரிப்பாய்.

"இன்னும் முடியலடா. முடிஞ்சப்புறம் பதிஞ்சிக்கலாம், இன்னா அவசரம்?"

ஒரு மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. உன் ஜன்னலில் போர்டு ஓடிக்கொண்டிருந்தது. எட்டு விளக்குகள், கடல் அலை மாதிரி ஏறி இறங்கின; ஒரு அலைபோல் இன்னொன்று இல்லை. எப்படி எழுதினாய் என்று நீ எனக்குக் காட்டவில்லை. லேப்டாப்பின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. நீ எழுதியது அந்த ஓடும் போர்டில் மட்டும்தான், இன்வெர்ட்டர் புண்ணியத்தில், உயிரோடு இருந்தது.

போன வாரம் உன் மனைவி வீட்டைக் காலி செய்துகொண்டு அச்சரப்பாக்கத்துக்குத் தாய்வீடு போனாள். மூட்டையெல்லாம் கட்டியாயிற்று. போர்டை மட்டும் விட்டிருந்தாள். பவர்பேங்குக்கு மாற்றலாம் என்றாலும் ஒரு கணம் பிடுங்கித்தானே ஆகவேண்டும்.

"நான் புடுங்க மாட்டேண்ணா. அவுரு உள்ள வேலை செஞ்சிகினு கீறா மாதிரியே கீது. நீங்களே புடுங்குங்க."

பிடுங்கினேன், மச்சான்.

வீட்டுக்கு வந்து இணைத்துப் பார்த்தேன். கடையிலிருந்து வந்த முதல் நாள் மினுங்கியதே, அந்த ஒற்றை விளக்கு, அது மினுங்கியது. நீ அதைத் தொட்டதே இல்லை என்பதுபோல். அடப்பாவி, ஒரு தடவை பதிந்திருக்கக் கூடாதா? அழுதுவிட்டேன்.

கூடுவாஞ்சேரியில் உப்புக்காற்று கிடையாது. ஆனாலும் இன்று புது போர்டுக்குப் பூசி, உன்னுடையதன் பக்கத்தில் காயவைத்திருக்கிறேன். உன் போர்டின் ஓரத்தில் ரோஸ் கலரில், கோணல்மாணலாக, உன் கைவேலை. கரண்ட் போனாலும் அது போகாது.