துண்டு போடும் கம்பி

அன்பு மகன் மாதவராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, நிர்மலா, காவியா நாலு பேரும் சாமி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி உடம்பு சௌகரியமாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள் என்று சிரிப்பாய், சிரித்துக்கொள். நான் போனில் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்று கேலி செய்கிறவன் நீதானே, இதுவோ உன் அப்பா காதில் விழக்கூடாத சங்கதி. பக்கத்துத் தெரு மதியழகன் லீவு முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். காவியாவின் கணக்கு நோட்டில்தான் நாலு தாள் கிழித்தேன், அதற்கு அவள் என்னோடு சண்டைக்கு வந்துவிட்டாள்.

மரவள்ளி இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது. சிவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, காவியா அதற்கு உன் பெயரில் பாதியை வைத்து மாது என்று கூப்பிடுகிறாள், கோபித்துக்கொள்ளாதே. சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாசம் உன் பெண்டாட்டி நிர்மலா உனக்கு ஒரு போட்டோ அனுப்பினாளே, சமையல்கட்டுக்குப் பக்கத்தில் மூட்டை அடுக்கி வைத்திருந்த மூலையைக் காலி செய்து, மஞ்சள் பெயிண்ட் அடித்து, எதிரும் புதிருமாக ரெண்டு பெஞ்சு, நடுவில் ஒரு மேசை, மெத்தை, சன்னலுக்குத் திரை, பாட்டிலில் மணி பிளாண்ட் என்று. காலைச் சாப்பாட்டுக்கென்று போட்ட இடம். அதைப் பார்த்துவிட்டு நீ போனில், அப்பா இப்படி இருக்கும்போது உனக்கு வீட்டை ஜோடிக்கிற ஆசை கேட்குதா என்று கேட்டாய். ஸ்பீக்கரில் இருந்தது, நானும் கேட்டேன். அவள் "சரிங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து நீ கூப்பிட்டால் காவியாவிடம் கொடு என்கிறாய், அவளும் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். ஒளிக்காமல் சொல்கிறேன், நீ அப்படிக் கேட்டது அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் இனிப்பாகத்தான் இருந்தது. மூட்டையை எடுத்துத் தாழ்வாரத்தில் போட்டுவிட்டாளே என்று எனக்கும் ஒரு கடுப்பு இருந்தது. இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து சேலத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. நாங்கள்தான் சொல்லவில்லை. பேச்சு திரும்பியது, நடை கொஞ்சம் வந்தது, வலது கைதான் வரவில்லை. தரையில் உட்கார முடியாது என்று கூடத்து நடுவில் நாற்காலி போட்டு முக்காலியில் தட்டு வைத்தேன். வலது கையால் எடுத்தால் பாதி மடியில் விழும். நான் ஊட்டப் போனால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். இடது கையால் சாப்பிடுங்களேன் என்றால் என்னை முறைப்பார். உனக்கு ஐந்து வயதில் இடது கையால் வடையை எடுத்தாய் என்று புறங்கையில் ஒரு அடி போட்டாரே, பந்தியில் நாலு பேர் பார்க்க, அந்த மனுஷன் எப்படி இடது கையை வாய்க்குக் கொண்டுபோவார். கரண்டி கொடுத்தோம், களியைக் கரண்டியில் சாப்பிடுகிறவன் என்ன மனுஷன் என்று தள்ளிவிட்டார். கடைசியில் தட்டை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார். உள்ளே இடது கையால் ரெண்டு வாய் சாப்பிடுவார், மிச்சத்தை சன்னல் வழியாகக் கோழிக்குப் போட்டுவிடுவார். கோழி கொழுத்தது, அவர் இளைத்தார். அரூர் டாக்டர், இப்படியே போனால் மறுபடி படுக்கைதான் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அப்போதுதான் நிர்மலா அந்த மூலையைக் கையில் எடுத்தாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, செல்போனில் பார்த்தேன் அத்தை, அழகா இருக்குது, நம்ம வூட்லயும் ஒண்ணு போடலாம் என்று மட்டும் சொன்னாள். தச்சர் மாரப்பனை வரவழைத்து வேப்பம்பலகையில் பெஞ்சு செய்யச் சொல்லி, உயரத்துக்கு முழக்கயிறு வைத்து அளந்துகொண்டே நின்றாள். என் பழைய கைத்தறிச் சேலை ரெண்டைக் கேட்டு வாங்கி, சித்தேரி மலைக்காரர்கள் சந்தைக்குக் கொண்டுவருகிற இலவம்பஞ்சை அடைத்து மெத்தை தைத்தாள். ஒரு பெஞ்சில் மட்டும் ஓரத்தில் கெட்டியாக ஒரு திண்டு, அது ஒரு அழகுக்கு என்றாள். சன்னலுக்குக் கீழ்ப்பாதிக்கு மட்டும் திரை, மேல்பாதி திறந்தபடி, தென்னந்தோப்பு தெரியணும் இல்லீங்களா என்றாள். சுவரில் ஒரு இரும்புக் கம்பி அடித்தாள், மாமா துண்டு போடறதுக்கு என்றாள். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓரம் உயர்ந்த தட்டு வாங்கினாள், காவியா சிந்தறா அத்தை என்றாள். நானும் நம்பினேன்.

உன் அப்பா முதலில் முறுக்கிக்கொண்டார். காவியா கையைப் பிடித்து இழுத்து, தாத்தா வா, நம்ம ஓட்டல் என்று கூட்டிப்போய் உட்காரவைத்தாள். ஒரு வாரம் போயிற்று, தட்டு காலியாக வந்தது. எனக்கு ஆச்சரியம், ஆனால் என் புத்தி அங்கே நிற்கவில்லை. நிர்மலா அவரை மேற்கு பார்த்த பெஞ்சில் உட்காரவைத்திருந்தாள். குடும்பத்துப் பெரியவர் கிழக்கு பார்த்துச் சாப்பிடாமல் மேற்கு பார்த்துச் சாப்பிடுவதா என்று எனக்கு மனசு அரித்துக்கொண்டே இருந்தது. அவள் பொம்மிடிக்கு அவள் அம்மாவைப் பார்க்கப் போன அன்று, நான் அவரை எதிர் பெஞ்சுக்கு மாற்றி உட்காரவைத்தேன். கிழக்கு பார்த்து ஜம்மென்று உட்கார்ந்தார். களியை உருட்டி வாய்க்குக் கொண்டுபோகும்போது எதிர்வீட்டு ரோசம்மாள் மோர் கேட்டுக் கூடத்துக்குள் நுழைந்தாள். அவள் மேல் தப்பில்லை, கண்ணில் பட்டதைக் கேட்டுவிட்டாள், "என்னங்கண்ணா, சோத்த எடது கையிலயா எடுக்கறீங்க" என்று. உன் அப்பா எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தார். எழுந்திருக்கப் பார்த்தார், பிடிக்க ஒன்றும் இல்லாமல் மேசையில் சாய்ந்துவிட்டார், நான் ஓடிப்போய்த் தூக்கினேன். மறுபடி அறை, மறுபடி சாத்திய கதவு. ரெண்டு நாள் காபியைத் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை.

நிர்மலா வந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன், எரிந்து விழுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைக் கூட்டிப்போய் மேற்கு பார்த்த பெஞ்சில் உட்காரவைத்து, சாப்பிடற மாதிரி கைய கொண்டுபோங்க அத்தை என்றாள். கொண்டுபோனேன். வலது கை தானாக அந்தத் திண்டின் மேல் போய் உட்கார்ந்தது, தொங்காமல். இடது கை சுவர்ப்பக்கம். எழுந்திருக்கும்போது என் கை எதையோ தேடியது, அந்தத் துண்டுக் கம்பி சரியாகக் கைக்கு வந்தது. பிறகு என்னைக் கூடத்தில் நிறுத்திவிட்டு அவள் போய் அங்கே உட்கார்ந்தாள், இடது கையால் சாப்பிடுவது போலக் காட்டினாள். கூடத்திலிருந்து பார்த்தால் தோள் தெரிகிறது, முதுகு தெரிகிறது, கை தெரியவில்லை. வெளியே போய்ச் சன்னல் வழியாகவும் பார்த்தேன், திரைக்கு மேலே முகம்தான் தெரிகிறது. அந்த மூலையில் அழகுக்கென்று வைத்தது ஒன்றுகூட அழகுக்கு மட்டும் இல்லை மாதவா. ஏண்டி இதை என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா, உன் புருஷன் அன்றைக்கு அப்படிக் கேட்டானே அவனிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னா அவரு மாமாகிட்ட கேப்பாரு. தனக்காகப் போட்டதுன்னு தெரிஞ்சா மாமா உக்கார மாட்டாருங்க அத்தை" என்றாள். நாற்பது வருஷம் குடித்தனம் செய்த எனக்குத் தெரியாத என் புருஷனை, எட்டு வருஷத்தில் அவள் படித்து வைத்திருக்கிறாள்.

திரும்ப அவரை எப்படி அங்கே கொண்டுவந்தாள் தெரியுமா. சாத்திய கதவுக்கு வெளியே நின்று, "மாமா, காவியா கெழக்கு பாத்து உக்காந்தா படிப்பு நல்லா ஏறும்னு சொல்றாங்க, அவளுக்கு அந்த எடத்த உட்டுட்டு நீங்க பழையபடி இந்தப் பக்கம் மாறிக்கறீங்களா" என்று கேட்டாள். கதவு திறந்தது. பேத்தி படிப்புக்கு என்றால் மனுஷன் என்ன செய்வார். இப்போது தினம் காலையில் எட்டு மணிக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஓட்டல் திறந்தாச்சா என்று கேட்டுக்கொண்டு வருகிறார். போன வாரம் இன்னொரு உருண்டை களி வை என்று அவரே கேட்டார். நான் அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தேன், நிர்மலா பார்த்தும் பார்க்காதது போலக் குழம்பு ஊற்றினாள்.

இப்படி ஒரு பெண் நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அவளிடம் நீ ஒரு மாசமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. தப்பை என் பங்குக்கு நான் அவளிடம் ஒத்துக்கொண்டுவிட்டேன், உன் பங்கு பாக்கி இருக்கிறது. வெள்ளிக்கிழமை உனக்கு லீவு, காவியா பள்ளிக்கூடம் போய்விடுவாள், இங்கே ஒன்பதரை, உன் ஊரில் எட்டு மணி. அப்போது கூப்பிடு, நான் மாட்டுக் கொட்டகையில் இருந்துகொள்கிறேன். ஆனால் அப்பாவிடம் மட்டும் இதில் ஒரு வார்த்தை மூச்சு விடாதே, தெரிந்தால் அவள் பாடுபட்டதெல்லாம் வீணாகிவிடும். மதியழகனிடம் கொள்ளுப்பொடியும் புளியும் கொடுத்திருக்கிறேன், ரூமில் எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டு நீ வெறும் சோறு சாப்பிடாதே. வெயிலில் மாடி ஏறி ஏசி மாட்டும்போது தலைக்குத் துணி கட்டிக்கொள், சனிக்கிழமை எண்ணெய் தேய்க்க மறக்காதே. நம் குலசாமி உன் பின்னாலேயே நின்று காக்கட்டும், கை கால் சுகத்தோடு நீ வந்து இந்தப் பெஞ்சில் ஒரு நாள் உட்கார வேண்டும்.

உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா,
தீர்த்தம்மாள்

மாதவா, பால் பொங்குகிறதே என்று கடிதத்தை மேசையிலேயே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் உன் அப்பா கிழக்கு பார்த்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், பேனா இடது கையில். கூடத்தில் ரோசம்மாள் நிற்பதைக்கூட அவர் பார்க்கவில்லை, பார்த்தும் பொருட்படுத்தவில்லையோ என்னவோ. கீழே கோணல்மாணலாக இருப்பது காவியா எழுதியது என்று நினைத்துவிடாதே.

கம்பி துண்டுக்கு இல்லைன்னு முதல் நாளே தெரியும். நிர்மலாவுக்கு போன் போடு. அப்பா.