மெத்தென்ற விரிப்பு

வேய்ன் கவுண்ட்டி, இண்டியானா
மூன்றாம் மாதம் ஒன்பதாம் நாள், 1854

அன்பு மகள் ரோடாவுக்கு அம்மா எழுதுவது. நானும் ஆடுமாடுகளும் சுகம், உன் அப்பா சுகமில்லை. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அந்த அயோவாக் குளிரில் சுகமாக இருக்க ஆண்டவர் காக்கட்டும். சிவப்புப் பசு கன்று போட்டது, கிடாரி. பனி இன்னும் விடவில்லை. இதையெல்லாம் முதலில் எழுதுகிறேன் என்றால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லை, வேறொன்றும் இல்லை.

அப்பா அறுவடைக்குப் பிறகு படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை, முதுகெல்லாம் புண். அவர் கொள்கைதான் உனக்குத் தெரியுமே, அடிமை பறித்த பருத்தி உடம்பில் படக் கூடாது, அடிமை வெட்டிய கரும்பின் சர்க்கரை நாக்கில் படக் கூடாது. அதற்காக நீ பள்ளியில் சாக்குப் பாவாடை என்று கேலி வாங்கி அழுதுகொண்டு வருவாயே. கடைத்தெருவில் அடிமை ஒழிப்புப் பேசி அழுகல் முட்டை வாங்கிய மனிதர், தப்பி ஓடி வந்தவர்களை நம் பரணில் ஒளித்து வைத்த மனிதர், ஆளிச்செடி நாரில் நெய்த முரட்டு லினன் விரிப்பு புண்ணில் உரசி விடிய விடிய முனகுவதை எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பேன் சொல். மனம் பொறுக்காமல் ஊருக்குள் போய் ஒரு பருத்தி விரிப்பு வாங்கி வந்து போட்டுவிட்டேன். கண் மங்கியவருக்குத் தெரியவில்லை, பச்சைப் பிள்ளை போலத் தூங்கினார். எழுந்ததும், "எவ்வளவு நல்ல லினன், உன் கைராசி கெசையா" என்றார். நான் பாவி, ஆமாம் என்றேன்.

அத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. போன வாரம் சபைப் பெரியவர்கள் பார்க்க வந்தபோது, "என் உடம்புல அடிமை நூல் ஒரு இழை பட்டதில்ல, நான் போனா இந்த விரிப்புலயே சுத்திப் புதைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார். அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள், எனக்கு உயிரே போய்விட்டது. அலபாமாப் பருத்திக் காட்டிலிருந்து தப்பி வந்து ஓடைக்கரையில் குடியிருக்கிறாளே ஹெஸ்டர், அவள்தான் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க வருகிறாள். தொட்டவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நீயாவது மன்னித்தேன் என்று சொல்லேன் என்று அவள் கையைப் பிடித்து அழுதேன். "நல்லா இருக்கே கதை! பறிச்சதும் நானு, மன்னிக்கறதும் நானா? யார ஏமாத்துனீங்களோ அவருகிட்டப் போய்ச் சொல்லுங்கக்கா" என்று வெடுக்கென்று கையை உதறிவிட்டுப் போனாள்.

நேற்றுச் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு "உருவிடு" என்றார். உருவினேன், புண்ணில் ஒட்டியிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். பழைய லினனைப் போட்டேன். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "சுகமாத்தான் இருந்துச்சு கெசையா. ஊர்ல ஒருத்தனும் பருத்திய விட மாட்டேங்கறானேன்னு முப்பது வருஷமாத் திட்டுனேன். இப்ப என் உடம்பே அது வேணும்னு கேக்குது" என்று சொல்லி அழுதார் ரோடா. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அந்தப் பருத்திச் சுகத்தை அவருக்குப் பழக்கி வைத்தவள் நான்தானே.

அவர் போகும்போது சுற்றுவதற்கு என் கல்யாண லினனை ஓடையில் அடித்து அடித்து மெத்தென்று ஆக்கிக்கொண்டிருக்கிறேன். அதிகமாக முடியவில்லை, கை விட்டுப் போகிறது.

நீ பளு தூக்காதே, மேப்பிள் மரத்துப் பாகு அனுப்பியிருக்கிறேன், கஞ்சியில் விட்டுக் குடி. பிள்ளைக்கு லினன் குத்துமே, எதைச் சுற்றட்டும் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்லும் வாயை நான் இழந்துவிட்டேன். நீயே தொட்டுப் பார்த்து முடிவு செய். எதைச் சுற்றினாலும், அது இன்னதென்று பிள்ளையிடம் மறைக்காதே. சுகமாகப் பெற்றுப் பிழைத்து நூறு வருஷம் வாழ்ந்திரு.

உன் அம்மா,
கெசையா