கூலன்ட் எங்கே போகிறது

நவம்பர் 4, செவ்வாய்

அக்காவின் தொண்டைக்குப் பத்தாவது நாள் கதிர்வீச்சு முடிந்தது. இன்னும் பதினைந்து. திரும்பும்போது மேம்பாலத்தில் இன்ஜின் சூட்டு முள் நடுவைத் தாண்டி நின்றது. இறக்கத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அக்காவிடம் சொல்லவில்லை. வீட்டில் பானட்டைத் திறந்தால் டேங்கில் இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் அடிக்கோட்டுக்கும் கீழே. போன வாரம்தானே நிரப்பினேன்?

ஆஸ்பத்திரி எழுபது கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த உடம்போடு அவளால் முடியாது.

நவம்பர் 5

கூலன்ட் ஊற்றி டேங்கில் மார்க்கரால் கோடு போட்டேன். ஸ்கூல் ஆய்வகத்தில் தினம் செய்கிற வேலைதான். வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்திருக்கிறேன்.

நவம்பர் 6

அட்டை காய்ந்து கிடக்கிறது. டேங்கில் ஒரு விரல் அளவு குறைந்திருக்கிறது. கீழேயும் சொட்டவில்லை, டேங்கிலும் இல்லை — அப்புறம் எங்கேதான் போகிறது? சாயங்காலத்துக்குள் நாலு தடவை போய்ப் பார்த்தாயிற்று. அக்கா கேட்டே விட்டாள்: "என்னடி, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தற?"

வழியில் வண்டிக்குள் ஏதோ இனிப்பாக நாறுகிறது என்றாள். "மருந்துக்கா. வாசனையெல்லாம் மாறும்னு டாக்டர் சொன்னாரே" என்றேன். பேசினால் தொண்டை வலிக்கும், அதனால் அதோடு விட்டுவிட்டாள்.

நவம்பர் 7

மத்தியானம் போக, இன்று காலையும் ஸ்கூலுக்கு லீவு. மெக்கானிக் கைப்பம்பு மாட்டி ரேடியேட்டரில் அழுத்தம் ஏற்றினார். அழுத்தம் மெல்ல இறங்குகிறது. ஆனால் டார்ச் அடித்துத் தேடியும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"வெளியில எங்கயும் ஒழுகல மேடம். இன்ஜின் உள்ளுக்குள்ளயே குடிக்குதுன்னு நினைக்கிறேன். உள்ள ஹெட் காஸ்கெட்ங்கற அடைப்பு கிழிஞ்சிருக்கும். பிரிச்சாத்தான் தெரியும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"பத்து நாளாவது ஆகும்."

பத்து நாளா. நடுவில் ஒரு நாள்கூட விடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். இருபத்தைந்தும் முடியட்டும், பிறகு பிரிக்கலாம் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன். செய்தது சரியா? தெரியல. ஓட்டும்போது ரோட்டைப் பாக்கறேனா, முள்ளைப் பாக்கறேனா, அதுவும் தெரியல.

நவம்பர் 10, திங்கள்



பாதி வழியில் முள் சிவப்பைத் தொட்டது. ஹீட்டரை முழுசாகத் திறந்தால் இன்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். திறந்தேன். அக்கா பக்கத்து வழியாகப் புகை மாதிரி ஆவி. முன் கண்ணாடி மூடிக்கொண்டது, ஒன்றும் தெரியவில்லை. எப்படி ஓரங்கட்டினேனோ.

இறங்கி அவள் பக்கக் கதவைத் திறந்தேன். அப்போதுதான் வாசனை வந்தது. இனிப்பாக. எனக்கே.

"கால் வேற நனையுதுடி" என்றாள் மெதுவாக. "போன வாரத்துல இருந்தே."

"ஏங்க்கா சொல்லல?"

"நாத்தத்தைச் சொன்னதுக்கே மருந்துன்னுட்ட. இதையும் சொன்னா மூளைக்கு ஏறிடுச்சும்ப."

கால்மிதிக்கு அடியில் கை வைத்தேன். பிசுபிசுவென்று பச்சைக் கூலன்ட். இத்தனை நாளும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. அவள் காலடிக்கு.

மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டேன். கால்மிதி நனைந்ததைச் சொன்னேன். "ஹீட்டருக்குன்னு டாஷ்போர்டுக்குப் பின்னால குட்டி ரேடியேட்டர் ஒண்ணு இருக்கு மேடம். அதுதான் ஓட்டை. உள்ள எட்டிப் பாக்காம விட்டது என் தப்பு."

இன்ஜின் ஆற முக்கால் மணி நேரம். தண்ணீர் ஊற்றி, ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். முறை தாண்டியும் கதிர்வீச்சு மெஷின்காரர் காத்திருந்தார்.

நவம்பர் 11

மெக்கானிக் மத்தியானத்துக்கு மேல்தான் வர முடியுமாம். எங்கள் முறையோ ஒரு மணிக்கு. போனில் அவர் சொல்லச் சொல்ல நானே செய்தேன்.

ஹீட்டருக்குப் போகும் குழாய் ஒன்று, வரும் குழாய் ஒன்று. இரண்டையும் கழற்றி, நடுவில் ஒரு சின்னப் பித்தளைக் குழாய் வைத்து ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். கூலன்ட் ஹீட்டர் பக்கமே போகாமல் திரும்பிவிடும். அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். முதல் தடவை குழாயை இறுக்கும் கிளாம்பை ரொம்ப ஓரத்தில் முடுக்கிவிட்டேன், சொட்டியது. அவள்தான் முதலில் பார்த்தாள். கழற்றி, உள்ளே தள்ளி, மறுபடி முடுக்கினேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓட விட்டோம். குமிழி வருவது நிற்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன்.

முள் நடுவில். போக வர நூற்று நாற்பது கிலோமீட்டரும் நடுவில். ஹீட்டர்தான் கிடையாது. அக்கா இரண்டு போர்வைக்குள் மூக்கு மட்டும் தெரிய உட்கார்ந்து வந்தாள்.

நவம்பர் 12

சிக்னலில் நின்றபோது கேட்டேன்: "வேற என்னக்கா சொன்ன, நான் காதுல வாங்காம?"

யோசித்தாள். "முழுங்கினா இடது பக்கம் மட்டும் கிழிக்குது. ரெண்டு தடவை சொன்னேன். சூடு ஆறட்டும், குடின்ன."

டாக்டரிடம் நானே சொன்னேன். பார்த்தார். சிகிச்சையால் வருகிற வழக்கமான புண் இல்லையாம், தனியாக ஒரு தொற்று. கொப்பளிக்க மருந்து தந்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றார். அக்கா என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். "அவங்க சொன்னாங்க டாக்டர். நான்தான் கேக்கல" என்றேன்.

நவம்பர் 18

ஏழு நாளாகக் கூலன்ட் கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. அக்கா ஒரு கிண்ணம் கஞ்சியை முழுக்கச் சாப்பிட்டாள்.

நவம்பர் 25

இருபத்தைந்தும் முடிந்தது. வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டோம்.

நவம்பர் 29, சனி

அக்கா அவள் வீட்டுக்குப் போகணும் என்றாள். தனியாக இருக்க முடியும் என்றாள். இன்னும் ஒரு மாசம் இரு என்று வாய் வரை வந்தது. "நிஜமா முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். "முடியும்" என்றாள்.

கொண்டுபோய் விட்டேன். ஜன்னல்களைத் திறந்து, படுக்கை விரித்து, பாலை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்தேன். வந்து இரண்டு தடவை போனை எடுத்துக் கீழே வைத்தேன்.

எட்டு மணிக்கு அவளே கூப்பிட்டாள். குரல் இன்னும் கரகரதான்.

"என்னடி, உயிரோட இருக்கேனான்னுகூடக் கேக்க மாட்டியா?"