உயெனோ நிலையத்தில் இருபது நிமிடம்

டோக்கியோ
18.11.1975

அன்புள்ள கமலினிக்கு,

தம்பி சிவபாலன் நவம்பர் எட்டாம் திகதி சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு, புட்ஸ்கிரே சந்தியில் லொறி மோதி இறந்தான். ஆதாரம்: பொலிசாரிடம் கேட்டு நீ எழுதிய கடிதம்.

அதை நான் எப்படி அறிந்தேன் என்பது உனக்குத் தெரியவேண்டும். நேற்று ஓட்டலை விட்டுப் புறப்படும்போது உன் உறையைத் தந்தார்கள். உயெனோ ரயில் நிலையத்தில் பிரித்தேன். மேலே ஒரு துண்டு: “முதல் வயிறாரச் சாப்பிடுங்கோ. பிறகு உள்ளுக்கு இருக்கிற சின்ன உறையை உடையுங்கோ.”

கல்யாணமாகி ஆறு வருடமாக நாம் எதிர்பார்த்திருக்கும் செய்திதான் என்று நினைத்தேன். குழந்தை.

பிளாட்பாரத்தில் நின்றபடி சாப்பிடும் ராமென் கடை. கொதிக்கிற பன்றி எலும்புச் சாற்றில் கோதுமை நூடில்ஸ், மேலே இரண்டு துண்டு இறைச்சி. ரயிலுக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. நான் தனியே சிரித்துக்கொண்டிருந்திருக்கவேண்டும். கடைக்காரர் என்னவென்று கையால் கேட்டார். எனக்கு அவருடைய பாஷை தெரியாது. இரண்டு கையையும் சேர்த்துப் பிள்ளையைத் தாலாட்டிக் காட்டினேன். அவர் பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னார். எல்லோரும் தலை குனிந்து வாழ்த்தினார்கள். கிண்ணத்தில் இன்னொரு முட்டை விழுந்தது. அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். சாற்றைக் கடைசித் துளி வரை குடித்தேன். பிறகு சின்ன உறையை உடைத்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

சாவுத் துடக்குள்ள வீட்டில் மச்சம் மாமிசம் சமைப்பதில்லை. நான் தம்பியின் பத்தாம் நாள் பன்றி தின்றேன். அதைக்கூடப் பொறுப்பேன். அந்த இருபது நிமிடச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது, கமலினி? தந்தி சில மணித்தியாலத்தில் வந்திருக்கும். நீ ஏன் அடிக்கவில்லை?

இந்திரகுமார்

•

புட்ஸ்கிரே, மெல்பேர்ண்
24.11.1975

அன்பின் அத்தானுக்கு,

நீங்கள் அதைக் குழந்தைச் செய்தி என்று நினைப்பீர்கள் என்று எனக்குப் படவேயில்லை. அந்த வரியை வாசித்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்தவள், பால்காரன் மணியடிக்கும் வரை எழும்பவில்லை.

தந்தி அடிக்கத் தபாற்கந்தோர் வாசல்வரை போனேன். அப்போது கொட்டாஞ்சேனை வீடு நினைவுக்கு வந்தது. கடலில் மூழ்கிச் செத்த மகனின் படம் கேட்டு, பத்திரிகைக்காரனாக நீங்கள் போன வீடு. அவர்களுக்கு முன்னமே தெரியும் என்று நினைத்து வாசலில் நின்று சொல்லிவிட்டீர்கள். அந்தத் தாயின் கை சோற்றுக்குள்ளேயே இருந்தது, அதற்குப் பிறகு அவ நாலு நாள் பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை என்று எனக்குச் சொன்னவர் நீங்கள். “சாப்பிட விட்டிட்டுச் சொல்லியிருக்கலாம்” என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறீர்கள். அந்நிய ஊரில் தனியே நிற்கிற மனிசன் வெறும் வயிற்றோடு கேட்கக்கூடாது என்று திரும்பிவந்து கடிதமாக எழுதினேன். ஓட்டல் விலாசம் கையில் இருந்தும் அப்படிச் செய்தேன். பிழை என்னுடையது.

செவ்வாய்க்கிழமை எரித்தோம். அன்று நாடு முழுக்க, கவர்னர் ஜெனரல் இந்த நாட்டு அரசாங்கத்தைக் கலைத்த கதை; அடுத்த தெருக் கதிர்காமநாதன் அண்ணை வீட்டிலிருந்து வந்தவர்களும் வாசலில் நின்று அதைத்தான் கதைத்தார்கள். கொள்ளிக்கு வேறு ஆள் இல்லாமல் அவரே நின்றார்.

இன்னொன்று. உங்களிடம் எதையும் இனி மறைக்கமாட்டேன். படிப்பை விட்டு ட்ராமில் கண்டக்டராகச் சேர்ந்தவனோடு நீங்கள் இரண்டு மாதம் பேசாமலே விமானம் ஏறினீர்கள். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகுமுன் கேட்பான், “அண்ணை எனக்கு ஏதும் எழுதினவரோ, அண்ணி?” அந்தச் சனிக்கிழமை காலை மனம் கேட்காமல் ஓம் என்றேன். தம்பி கவனமாகப் போய்வரட்டும், வந்து அவனோடு கதைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள் என்றேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை டிசெம்பர் எட்டு, திங்கள். வாருங்கள்.

கமலினி

•

டோக்கியோ
1.12.1975

கமலினிக்கு,

நான் அவனுக்கு எழுதவில்லை. எழுத உட்கார்ந்து இரண்டு தரம் கிழித்தேன். மூன்றாம் தரம் பத்திரிகைக்குக் கம்பளி வியாபாரச் செய்தி அனுப்பவேண்டியிருந்தது.

நான் என்ன அறியலாம், எப்போது அறியலாம் என்பதை நீ தீர்மானித்தாய். அவனுக்கும் அதையே செய்தாய். இரண்டும் அன்பினால்தான். அன்பு என்று தெரிந்தும் என்னால் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியுமா என்று தெரியவில்லை.

ஆறாம் திகதி சிட்னி வந்து சேருகிறேன். கூட்டாளி சிறி வீட்டில் தங்குவேன். மெல்பேர்ணுக்கு டிக்கெட் எடுக்கவில்லை.

நீ ஓம் என்றபோது அவன் என்ன சொன்னான்? சொல்லுக்குச் சொல் எழுது.

இந்திரகுமார்

•

மெல்பேர்ண்
9.12.1975

அன்பின் அத்தானுக்கு,

சிறி வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன். கிரியை நேற்று நடந்தது. பதினொரு மணி வரை ஐயரைக் காத்திருக்கச் சொன்னேன்.

நீங்கள் கேட்டது. அவன் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. “அண்ணை உப்பிடி எழுதமாட்டார், அண்ணி,” என்றான். பிறகு, “எண்டாலும் கேக்க நல்லாயிருக்கு. இன்னொருக்காச் சொல்லுங்கோ.” இன்னொரு தரம் சொன்னேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

எனக்காக வரவேண்டாம். உங்கள் உடுப்பையும் புத்தகங்களையும் முன்னறையில் அடுக்கிவைத்திருக்கிறேன். கொண்டுபோவதோ விடுவதோ உங்கள் விருப்பம்.

சாம்பல் இன்னும் சவ அடக்கக்காரரிடம் இருக்கிறது. இரத்த உறவு கையெழுத்திட்டால்தான் தருவார்களாம். கதிர்காமநாதன் அண்ணை கேட்டுப் பார்த்தார், முடியாது என்றுவிட்டார்கள். பத்தொன்பதாம் திகதி வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பார்கள். அன்று பகல் எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நான் வீட்டில் இருக்கமாட்டேன். அடக்கக்காரரின் கந்தோரை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பூட்டுவார்கள்.

கமலினி